உள்ளானுக்கு எட்டும் ஆழம்: சென்னையில் குளிர்காலப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

நவம்பர் கடைசி, புயல் மழை ஓய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. புது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், கரை தொட்டு நிற்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பறவைகள் வராமல் இல்லை. வந்தவற்றுக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை. சேற்றுக்கரையில் மேயும் உள்ளான் பறவைகளில் ஒன்றான கொசு உள்ளானின் கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அது ஈரச் சேற்றிலும், விரல் நனையும் தண்ணீரிலும்தான் மேயும். பொறி உள்ளானுக்கு நாலு விரற்கடை ஆழம் போதும். நெடுங்கால் உள்ளான் ஏறத்தாழ ஒரு சாண் தண்ணீர் வரை நிற்கும். பூநாரை இன்னும் ஆழத்தில் நடக்கும். வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து அடிமண்ணை எட்டும் ஆழம் ஒன்றரை அடிக்குள். இதைத் தெரிந்துகொண்டால், எந்த மாதம் எங்கே போவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வலசைப் பறவைகள் சென்னைக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்குகின்றன. முதலில் கரையோர உள்ளான்கள், செப்டம்பரில் தகைவிலான்களும் மஞ்சள் வாலாட்டிகளும், அக்டோபரில் மரத்தையும் புதரையும் நம்பி வாழும் சின்னக் குருவிகள். அந்த நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் சதுப்பும் உப்பங்கழியும் நிரம்பிக் கிடக்கும். அப்போது பூங்காக்களுக்குப் போங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க வாத்துகளுக்கான காலம், சதுப்புக்குப் போங்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தண்ணீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் குவியும். உப்பங்கழிக்கும் கடற்கரைக்கும் போங்கள். மழை குறைந்த ஆண்டில் இந்த வரிசை ஒரு மாதம் முன்னால் நகரும். மழை கொட்டித் தீர்த்த ஆண்டில் பின்னால் போகும்.

பைனாகுலர்

8×42 என்று எழுதியதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-இல் அது 5.25 மி.மீ.; சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-இல் 2.5 மி.மீ. காலை ஆறரை மணிக்கு மரநிழலில் இந்த வித்தியாசம்தான் குருவியின் புருவக்கோடு தெரிவதையும் தெரியாததையும் தீர்மானிக்கும். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், 'நூறு மடங்கு ஜூம்' என்று விளம்பரப்படுத்தும் பைனாகுலர்களைத் தொடவே வேண்டாம்.

வாங்கிய அன்றே சரிசெய்ய வேண்டியவை நான்கு. நடுக் கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையங்களை முழுவதும் உள்ளே திருகிவிடுங்கள். மற்றவர்கள் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலப்பக்க முன்கண்ணாடியை உள்ளங்கையால் மறைத்து, இடக்கண்ணுக்கு எழுத்து தெளியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் குறியில் நிற்கிறது என்று நினைவில் வையுங்கள். பிறர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தரும்போது அது நகர்ந்திருக்கும். "பைனாகுலர் கெட்டுப்போச்சு" என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண் பறவை மேலேயே இருக்கட்டும். கை மட்டும் மேலே வரட்டும். மொட்டைமாடியில் நின்று எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் உட்காரும் காகத்தை வைத்து இருபது முறை பழகினால் போதும்.

சென்னைக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும். கால் மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே சேரவேண்டிய இடத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஏ.சி.யை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுங்கள். மற்றது பூஞ்சை. ஈரக்காற்றில் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த பைனாகுலரில் ஒரே மழைக்காலத்தில் சிலந்திவலை போல் பூஞ்சை படர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறியதும் புதிது போடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பினால் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் மணலை ஊதியோ தூரிகையாலோ அகற்றுங்கள். சட்டை நுனியால் தேய்த்தால் மணல்துகளே கண்ணாடியைக் கீறிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மரங்கள்

கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. உள்பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒட்டியுள்ள சிறுவர் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு போதும், தொடங்குகிறவர்களுக்கு அதுவே தாராளம். அடையாற்றின் தென்கரையில் இருக்கும் பிரம்மஞான சபை வளாகம் நகரத்தின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. அங்கே பொதுமக்களை அனுமதிக்கும் நேரம் குறைவு, விதிகளும் மாறும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா இரண்டும் சிறியவை என்று ஒதுக்க வேண்டாம். சுற்றிலும் கட்டடமாக இருக்கும் இடத்தில் பத்து பெரிய மரங்கள் இருந்தால், இரவெல்லாம் பறந்து களைத்த குருவி அங்கேதான் இறங்கும். காமிராவுக்குத் தனிக் கட்டணமோ தடையோ இருக்கலாம். பைனாகுலருக்குப் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

டிசம்பர் நடுவில் சூரிய உதயம் ஏறத்தாழ 6.20, ஜனவரி நடுவில் 6.35. உதயத்துக்குச் சற்று முன்பே உள்ளே இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மாலை நாலரைக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் போனால் கிளியும் அணிலும்தான்.

நடைப்பயிற்சி வேகத்தில் பறவை பார்க்க முடியாது. நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காது கொடுங்கள். புதருக்குள்ளிருந்து ஆளைக் காட்டாமல் "செக்... செக்..." என்று நாக்கைத் தட்டுவது போல் ஒலித்தால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. அக்டோபர் முதல் சென்னையில் அது இல்லாத தோட்டம் அரிது. ஒலியைப் பழகிவிட்டால் ஒரே காலையில் ஏழெட்டு கேட்கும். மர உச்சியில் இலையோடு இலையாகத் துள்ளுவது பச்சைக் கதிர்க்குருவி. வெளிர் புருவக்கோடும், சிறகில் மெல்லிய வெள்ளைக் கோடும் பாருங்கள். வெட்டவெளி ஓரத்தில் குச்சி நுனியில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கருப்பு முகமூடி போட்டதுபோல் இருந்தால் பழுப்புக் கீச்சான். கீழ்க்கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே கிளைக்கே திரும்புவது ஈப்பிடிப்பான். வெள்ளை நாடாவோ செம்பழுப்பு நாடாவோ காற்றில் அலைந்தால் அரசவால் ஈப்பிடிப்பான். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

பிறகு தரையைப் பாருங்கள். புதியவர்கள் எல்லாருமே அண்ணாந்து பார்ப்பதால் தரையில் இருப்பதைத் தவறவிடுகிறார்கள். சருகுகளைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். ஆரஞ்சுத் தலையும் நீலச்சாம்பல் முதுகுமாக இருந்தால் செந்தலைப் பூங்குருவி. நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டைகளோடு, வாலை மேலும் கீழுமாக ஆட்டாமல் இடமும் வலமுமாக அசைத்து நடந்தால் கொடிக்கால் வாலாட்டி. வாலாட்டிகளில் அப்படி ஆட்டுவது அது ஒன்றுதான். பச்சை முதுகு, நீலச் சிறகுத் திட்டு, குட்டை வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே தடித்த கரும்பட்டை என்றால் ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் இரண்டு அசைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். அடிக்கும் நேரம் உண்மையிலேயே ஆறு மணியை ஒட்டித்தான் இருக்கும். மாலை 5.40-க்கு ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருங்கள். ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொல்லும். அந்தத் திசையை வைத்து மறுநாள் காலை தேடலாம்.

ஒழுகும் குழாய், செடிக்குத் தண்ணீர் விடும் பள்ளம் போன்ற இடங்களைக் கண்டுபிடித்து எதிரே அரைமணி உட்காருவது, பூங்கா முழுக்கச் சுற்றுவதைவிடப் பலன் தரும். போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவைக்கும் வித்தையைச் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தது, எதிரி வந்துவிட்டது என்று நம்பித் தின்பதை விட்டுவிட்டு அலையும்.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி களைத்து வீட்டு வராந்தாவிலும் மாடிப்படியிலும் விழுவது சென்னையில் வழக்கம். காகம் துரத்தும், பூனை பிடிக்கும், கண்ணாடிச் சன்னலில் மோதிக்கொள்ளும். அப்படி ஒன்று கிடைத்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து அதை வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் பாலும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் துள்ளினால், காகம் இல்லாத புதரருகே திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்கோ வேளச்சேரியில் உள்ள ப்ளூ கிராஸ் அமைப்புக்கோ சொல்லுங்கள். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

டிசம்பர் கடைசி முதல்: சதுப்பு

பள்ளிக்கரணை 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க இரண்டு வழிகள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் சூழல் பூங்கா இருக்கிறது. நடைபாதை, நிழல், குழந்தைகளோடு போக வசதி. இன்னொன்று துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி ரேடியல் சாலை. சதுப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் இந்தச் சாலையின் ஓரத்தில் நின்றால் பறவைகள் மிக அருகில் தெரியும். லாரியும் முதுகை உரசிக்கொண்டு போகும். வண்டியைச் சாலையோரம் சட்டென்று நிறுத்தாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

எங்கே நிற்பது? டிசம்பரிலும் ஜனவரியிலும் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தெற்கு வானத்தின் வழியே போகிறது. சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காகப் போவதால், வடக்கே பார்த்து நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லா வாத்தும் கரிய நிழலுருவம்தான். இதே விதி கேளம்பாக்கம்–கோவளம் சாலைக்கும் பொருந்தும்.

வாத்துகளில் தொடங்குங்கள்; பெரியவை, ஓரிடத்தில் மிதப்பவை, பொறுமையாகப் பார்க்கவிடுபவை. அலகு நுனியில் மஞ்சள் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. நீண்ட கழுத்தும் கூரிய வாலுமாக இருந்தால் ஊசிவால் வாத்து. அகப்பை போன்ற அலகைத் தண்ணீரில் பதித்து அரித்துக்கொண்டே போனால் தட்டைவாயன். கூட்டமாகப் பெரும்பாலும் இருப்பது நீலச்சிறகி. ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வளைந்த வெள்ளைப் பட்டை. ஆனால் நவம்பரில் போனால் அந்தப் பட்டையைக் காணமுடியாது. வலசை வந்த புதிதில் ஆண் வாத்துகளும் பெட்டைபோலப் பழுப்பாகவே இருக்கும். கல்யாண உடுப்பு, அதாவது இனப்பெருக்கக் கால நிறம், ஏற ஜனவரி, சிலவற்றுக்கு பிப்ரவரியும் ஆகிவிடும். படத்தில் இருப்பதுபோல் இல்லையே என்று குழம்ப வேண்டாம். அலகின் வடிவமும் கழுத்தின் நீளமும் எந்த மாதத்திலும் மாறுவதில்லை.

நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, அரிவாள் மூக்கன் எல்லாம் போகப்போகத் தானாகவே பழகிவிடும். கோரைக்கு மேலே சிறகை ஆங்கில 'வி' எழுத்துபோல் உயர்த்தித் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். அது போகும் வழியெல்லாம் பறவைகள் எழும்பும். நீங்கள் தேடிக் காணமுடியாத உள்ளான்கூட்டத்தை அது காட்டிக்கொடுத்துவிடும்.

வேடந்தாங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்காரர்கள் முதலில் நினைப்பது அதைத்தான். ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவந்ததற்கு 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கீகாரம் எழுதித் தந்த ஏரி. ஆனால் அங்கே விதி தலைகீழ். அது மேய்ச்சல் இடம் அல்ல, கூடு கட்டும் இடம். நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நின்றால்தான் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு வைக்கும். ஆகவே ஏரி நிரம்பிய ஆண்டில் போங்கள். வற்றிக் கிடந்தால் போக வேண்டாம். குஞ்சு பொரித்த கூடுகளைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

பிப்ரவரி, மார்ச்: உப்பங்கழியும் முகத்துவாரமும்

ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கோவளம் போகும் சாலை, உப்பளங்களையும் கழியையும் தாண்டிச் செல்கிறது. இருபுறமும் நீர்ப்பரப்பு. மார்ச்சில் இங்கே ஒரே இடத்தில் நின்று பதினைந்து வகை கரைப்பறவைகளைப் பார்க்க முடியும். உப்பளப் பாத்திகள் பிறருக்குச் சொந்தமானவை. வரப்பில் இறங்கி நடக்காதீர்கள், சாலையிலிருந்தே போதுமான அளவு தெரியும். காலை ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்ப்பரப்பில் கானல் எழும்பிவிடும். அதற்குப் பிறகு அறுபது மடங்கு தொலைநோக்கி இருந்தாலும் காலின் நிறம் தெரியாது.

அடையாறு முகத்துவாரத்துக்குப் பெசன்ட் நகர் ஊரூர் குப்பம் பக்கமாக மணலில் நடந்து போகலாம். காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும். கடலோரம் போய்த் திரும்பி, மேற்கே ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் (ஓதம்) அதிகம் ஏறி இறங்கும். அப்போதும் சென்னையில் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், வெளிப்படும் சேறு குறுகிய பட்டையாகவே இருக்கும். நீர் இறங்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்தைக் குறிவையுங்கள். கோடையை நெருங்கும்போது மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. அடைத்துவிட்டால் ஓத அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. கடல் இறங்கினாலும் ஆறு இறங்காது.

ஆற்றுநீரில் சாக்கடை கலந்திருக்கிறது, இறங்கவே வேண்டாம். பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும் கருஞ்சேறு முழங்கால்வரை இழுக்கும். தனியாக அந்தி சாயும்வரை நிற்காதீர்கள். குப்பத்தில் வலை பிரிக்கிற அண்ணன்களிடம் "பறவை பார்க்க வந்தோம்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடங்கள். அவர்கள் வாசல் அது. வலை கரைசேரும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அந்நேரம்தான் கடற்காகங்களும் செம்பருந்துகளும் கூடும்.

உள்ளான்களைப் பிரித்தறிவது

இங்கேதான் பலர் மனம் தளர்ந்து பூங்காவுக்கே திரும்பிவிடுகிறார்கள். எல்லாமே பழுப்பு, எல்லாமே ஓடுகிறது. முதலில் கூட்டத்தில் நெடுங்கால் உள்ளானைக் கண்டுபிடியுங்கள். இளஞ்சிவப்புக் குச்சிக்கால், கருப்பு வெள்ளை உடல், தவறவிடவே முடியாது. அதை அளவுகோலாக வைத்து மற்றவை பெரிதா சிறிதா என்று பாருங்கள். அடுத்து, நடை. ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி இனம். தலை நிமிராமல் தையல் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் இனம். அதன்பிறகுதான் காலின் நிறமும் அலகும்.

சிவந்த காலும், அலகின் அடியில் சிவப்பும் இருந்தால் பவளக்காலி. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை தெரியும். பச்சை கலந்த காலும், சற்றே மேல்நோக்கிய தடித்த அலகும், எழும்பும்போது "டியூ-டியூ-டியூ" என்ற உரத்த மும்மைக் கூவலும் இருந்தால் பச்சைக்காலி. அதையே இளைக்கவைத்து, அலகை ஊசியாக்கியதுபோல் இருந்தால் சதுப்பு உள்ளான். பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு கல்லோரம் தனியாகத் திரிவது சாதாரண உள்ளான். தோளருகே வெள்ளை மேலேறி வளைந்திருக்கும்.

பொறி உள்ளானும் கருப்பு உள்ளானும் நிற்கும்போது ஏமாற்றும். பறக்கவிட்டுப் பாருங்கள். சிறகின் அடிப்புறம் கரியதாக, வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரிந்தால் கருப்பு உள்ளான்; அடிப்புறம் வெளிறியிருந்தால் பொறி உள்ளான். கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு, சேற்றின் நடுவே கூட்டமாக ஓடும். அதே அளவில் மஞ்சள் கலந்த காலோடு, புல்லோரமாகப் பதுங்கி மேய்ந்தால் டெம்மிங்க் உள்ளான். கீழ்நோக்கி வளைந்த அலகோடு வயிறளவு தண்ணீரில் நின்று தைத்தால் வளைமூக்கு உள்ளான். பேதை உள்ளான் பார்ப்பவரைத்தான் பேதையாக்கும். ஆண் பெட்டையைவிட மிகப் பெரிது, காலின் நிறம் ஆரஞ்சிலிருந்து பச்சை வரை பறவைக்குப் பறவை மாறும். இது என்ன என்று அரைமணி மண்டையை உடைத்தும் விடை வராத பறவை பலமுறை இதுவாகத்தான் இருக்கும்.

சின்ன உப்புக்கொத்திகளில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் நெஞ்சில் முழுப் பட்டையும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பட்டை நடுவில் விட்டுப்போய்த் தோளோடு நின்று, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர் இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. காலர் இல்லாமல் பழுப்பாக இருந்தால் மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்தி. நீண்ட நேரான அலகோடு, பறக்கும்போது சிறகில் அகன்ற வெள்ளைக்கோடும் கருவாலும் தெரிவது கருவால் மூக்கன்.

நீர்மேல் பறந்து இரை பிடிக்கும் ஆலாக்களில் தொலைவிலிருந்தே அடையாளம் சொல்லக்கூடியது காஸ்பியன் ஆலா: கடற்காக அளவு, கேரட் போன்ற பருத்த சிவந்த அலகு. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் கொத்திக்கொண்டு பறக்கும் சிறியது மீசை ஆலா. கரிய தடித்த அலகுள்ளது பருத்த அலகு ஆலா. கடற்காகங்களில் இங்கே அதிகம் பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலத்தில் தலை வெள்ளையாகி, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். பெயரை நம்பிப் பழுப்புத் தலையைத் தேடினால் மார்ச் வரை கிடைக்காது. கரிய சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

பெயர் தெரியாத பறவையைப் படத்தில் தேடுவதற்கு முன், அங்கேயே நின்று நோட்டில் ஐந்தை எழுதுங்கள்: அளவு (சிட்டு, மைனா, காகம் எதனோடு ஒப்பு), அலகு, கால், என்ன செய்துகொண்டிருந்தது, பறக்கும்போது எங்கே வெள்ளை. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தபின் எழுதினால் மனது படத்தில் இருப்பதையே பார்த்ததாகச் சொல்லும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணால் உறுதிசெய்யுங்கள். போக்குவரத்து இரைச்சலில் அது தடுமாறும்.

பட்டியலைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் மூன்றும் இருந்தால்தான் அது பயன்படும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகத்தையும் மாடப்புறாவையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் எழுதிய பட்டியல்தான் முழுப் பட்டியல். பெருங்கூட்டத்தை எண்ணப் பத்து பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவு கட்டங்களாகக் கூட்டத்தின் மேல் நகர்த்துங்கள். பழக்கமில்லாதவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். கூடு, ஆந்தை அடையும் மரம் ஆகியவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். மறுநாள் காலை அங்கே இருபது காமிராக்கள் நிற்கும்.

தனியே போவதைவிடத் தெரிந்தவர்களோடு நான்கு காலை போனால் நாற்பது காலையின் வேலை முடியும். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி நகரத்தின் பழைய குழு. ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், அதே மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பும் நடக்கின்றன. மூன்றிலும் புதியவர்கள் சேரலாம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வருவார்கள், கேட்டால் பார்க்கத் தருவார்கள். கண்ணை வைக்கும்போது முக்காலியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அசைந்துவிடும்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒருமுறை கோவளம் சாலைக்குத் திரும்பப் போங்கள். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான்களில் சில செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்திகளின் நெஞ்சில் துரு நிறம் ஏறியிருக்கும். கடற்காகங்களுக்கு அப்போதுதான் பழுப்புத் தலை வந்திருக்கும். ஏப்ரல் நடுவுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.